நாற்பது கூடங்கள் வேண்டா. நான்கு படைப்புகள் போதும்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பொங்கலும் கழிந்துவிட்டால் தமிழகப் பள்ளிகளில் சுற்றுலாப் பருவம் தொடங்கிவிடும். திருப்புதல் தேர்வுகளும் செய்முறைத் தேர்வுகளும் நெருங்குவதற்கு முன்பு பிள்ளைகளை எங்காவது அழைத்துச் சென்று வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் எல்லாப் பள்ளிகளும் ஏறத்தாழ அதே சில வாரங்களில் புறப்படுகின்றன. சென்னைக்கு வரும் பேருந்துகளின் வழித்தடமும் பெரும்பாலும் ஒன்றுதான். வண்டலூர் உயிரியல் பூங்கா, பிர்லா கோளரங்கம், மெரினா கடற்கரை. இடையில் நேரம் இருந்தால் எழும்பூர் அரசு அருங்காட்சியகம்.

அந்த 'நேரம் இருந்தால்' என்பதைப் பற்றியே நான் சொல்ல நினைப்பது. ஓவிய ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், பிள்ளைகளோடும் பிள்ளைகள் இல்லாமலும் அந்த வளாகத்தில் பல நாள்களைக் கழித்திருக்கிறேன். 1851-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அந்த நிறுவனம், கொல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகத்துக்கு அடுத்தபடியாக நாட்டிலேயே பழைமையானது. ஏறத்தாழ 16 ஏக்கர் பரப்பு. பல தனித்தனிக் கட்டடங்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட காட்சிக்கூடங்கள். திமிங்கில எலும்புக்கூடும் பாடம் செய்யப்பட்ட விலங்குகளும் இருப்பதால், பழைய சென்னைவாசிகள் அதைச் 'செத்த காலேஜ்' என்றும் விலங்குக் காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தார்கள். கேலிப் பெயர்தான், ஆனாலும் அதில் 'காலேஜ்' என்ற சொல் இருப்பதை நான் எப்போதும் மதித்து வந்திருக்கிறேன். கற்கும் இடம் என்று அந்தக் காலத்து எளிய மக்களுக்குத் தோன்றியிருக்கிறது. இன்றைக்கு அது சுற்றுலாப் பட்டியலில் ஒரு நிறுத்தம்.

சுற்றுலாப் பருவத்தில் அங்குள்ள செப்புத் திருமேனிக் கூடத்தின் ஓரத்தில் அரைமணி நேரம் நின்றால் போதும், நடப்பது விளங்கிவிடும். ஒருவர் தோளில் மற்றவர் கைவைத்து வரிசையாகப் பிள்ளைகள் நுழைகிறார்கள். முன்னால் ஓர் ஆசிரியர், பின்னால் ஓர் ஆசிரியர். 'தொடாதே', 'நிற்காதே', 'பேசாதே' என்ற மூன்று கட்டளைகள். உலகின் தலைசிறந்த வார்ப்புக் கலைப் படைப்புகளுள் சில இருபுறமும் நிற்க, வரிசை நடுவில் ஊர்ந்து மறுவாயிலில் வெளியேறிவிடுகிறது. வெளியே தலைகளை எண்ணுகிறார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தால் அடுத்த கட்டடம்.

இதில் கணக்கு எளிது. ஒரு பள்ளிக் குழு வளாகத்தில் இருப்பது பெரும்பாலும் இரண்டு மணி நேரம், அதாவது 120 நிமிடங்கள். நாற்பது கூடங்களையும் காட்டிவிட வேண்டும் என்றால் கூடத்துக்கு மூன்று நிமிடம். அதில் நடப்பதும், கழிப்பறைக்கு நிற்பதும், எண்ணுவதும் அடங்கும். ஒரு கூடத்தில் முப்பது பொருள்கள் என்றால், ஒன்றுக்கு ஆறு நொடிகூடக் கிடையாது. ஆறு நொடியில் ஒரு சிற்பத்தைப் பார்க்க முடியாது. அது அங்கே இருந்தது என்று அறிந்துகொள்ளத்தான் முடியும்.

இதற்காக ஆசிரியர்களைக் குறைகூறுவது எளிது, நியாயமன்று. பழக்கமில்லாத ஊரில், நூறு பிள்ளைகளோடு, பெண் குழந்தைகளின் பாதுகாப்பு, வெயில், உணவு, வாந்தி, தொலைந்துபோகும் தண்ணீர்ப் புட்டி என்று எல்லாவற்றையும் தலையில் சுமக்கும் ஆசிரியரின் முதல் கடமை, ஏற்றிச் சென்றவர்களைக் குறைவின்றி இறக்கிவிடுவதே. மேலும், சுற்றுலா முடிந்தபின் அவர் எழுதிக் கொடுக்கும் அறிக்கையில் கேட்கப்படுவது எத்தனை மாணவர், எத்தனை இடம், எவ்வளவு செலவு என்பவை மட்டுமே. எதைப் பார்த்தார்கள், எதைப் பற்றிப் பேசினார்கள் என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. கேட்கப்படாததற்கு யாரும் திட்டமிடுவதில்லை.

ஆகவே கோளாறு, பயணத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயரிலேயே தொடங்குகிறது. சுற்றுலா என்றால் சுற்றத்தான் வேண்டும். கலை அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்வது ஒரு பாடவேளை; வகுப்பறைக்கு வெளியே, அசல் பொருளின் முன்னிலையில் நடக்கும் பாடவேளை. பாடவேளை என்று எண்ணிவிட்டால் கேள்விகளே மாறிவிடும். ஒரே மணி நேரத்தில் பாடநூலின் எல்லா அத்தியாயங்களையும் நடத்த எந்த ஆசிரியரும் முயலமாட்டார்.

இப்படிப்பட்ட பயணங்களால் பிள்ளைகளுக்கு உண்மையில் ஏதேனும் விளைகிறதா என்ற ஐயம் எழலாம். இதை முறையாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் பென்டன்வில் என்ற சிற்றூரில் 2011-ஆம் ஆண்டு இறுதியில் 'கிரிஸ்டல் பிரிட்ஜஸ்' என்ற கலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பள்ளிப் பயணங்களுக்கு வந்த விண்ணப்பங்கள் இடத்தைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்ததால், ஆர்கன்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு வழி சொன்னார்கள்: குலுக்கல் முறையில் சில பள்ளிகளை முதலிலும் மற்றவற்றைப் பின்னரும் அழைப்பது. இதனால், சென்று வந்த பிள்ளைகளையும் இன்னும் செல்லாத பிள்ளைகளையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. 123 பள்ளிகளைச் சேர்ந்த ஏறத்தாழ 11,000 மாணவர்களிடம் ஆய்வு நடந்து, 2013-இல் முடிவுகள் வெளியாயின.

பயணம் முடிந்து வாரங்கள் கழிந்தபின் கேட்டபோது, பிள்ளைகள் ஓவியங்களின் பொருளை நினைவில் வைத்திருந்தார்கள். அடிமை உழைப்பால் விளைந்த கரும்புச் சர்க்கரையை மறுத்து, மேப்பிள் மரச் சாற்றிலிருந்து இனிப்புப் பாகு காய்ச்சும் மக்களைக் காட்டும் 19-ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று அங்கு உண்டு. அதைப் பார்த்தவர்களில் 88 விழுக்காட்டினர் அந்தச் செய்தியைச் சரியாகச் சொன்னார்கள். யாரும் அதை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை, தேர்வும் இல்லை. முன்பின் அறியாத ஓர் ஓவியத்தைக் கொடுத்து எழுதச் சொன்னபோது, சென்று வந்தவர்கள் அதைக் கூர்ந்து நோக்கிக் காரணத்தோடு எழுதினார்கள். இந்தப் பயன் கிராமப்புறப் பிள்ளைகளிடமும் வறுமை மிகுந்த பள்ளிகளின் பிள்ளைகளிடமும் மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு மிகுந்திருந்தது. ஒரு மாநிலத்தில், ஓர் அருங்காட்சியகத்தில் நடந்த ஆய்வுதான். அதை மிகைப்படுத்தத் தேவையில்லை. ஆனால் யாருக்கு அதிகப் பயன் என்ற அந்த முடிவு நம் அரசுப் பள்ளிகளை நேராகத் தொடுகிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அருங்காட்சியகத்தைப் பெற்றோரே காட்டிவிடுவார்கள். மற்றப் பிள்ளைகள் பலருக்குப் பள்ளி அழைத்துச் செல்லும் அந்த ஒரு நாள்தான் வாழ்நாளிலேயே முதலும் கடைசியுமான வாய்ப்பு. அதை ஆறு நொடிகளாக நறுக்கித் தருகிறோம்.

அந்த ஆய்வில் இன்னொரு விவரமும் கவனிக்கத்தக்கது. பென்டன்வில் சென்ற குழுக்கள் ஒரு மணி நேரத்தில் பார்த்த ஓவியங்கள் பொதுவாக ஐந்து. ஐந்தே ஐந்து. ஓர் ஓவியத்தின் முன் பத்துப் பன்னிரண்டு நிமிடங்கள் நின்று, பார்த்து, பேசினார்கள். விளக்குபவர் சொன்னதைவிடப் பிள்ளைகள் சொன்னதே அதிகம். இலண்டன் தேசிய ஓவியக்கூடம் இன்னும் துணிந்து, 1995 முதல் ஆண்டுக்கு ஒரே ஓவியத்தைத் தேர்ந்து, தொடக்கப் பள்ளிகள் அதை வைத்தே வரைவதும் எழுதுவதும் கணக்குப் போடுவதுமாக ஒரு திட்டத்தை நடத்தி வருகிறது. ஓர் ஓவியம் ஓராண்டுக்குப் போதுமானதாக இருக்கிறது.

நம்மிடம் அதற்கு ஈடான பொருள்கள் இல்லையா என்றால், சிரிப்புத்தான் வரும். சென்னை அருங்காட்சியகத்து நடராசர் படிமங்களின் ஒளிப்படங்களை மட்டும் பார்த்து, இந்தியாவுக்கே வந்திராத பிரெஞ்சுச் சிற்பி ரோதின் 1913-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் மறைந்தபின் 1921-இல் அது வெளியானது. ஒளிப்படத்தின் முன் அந்த முதிய சிற்பி செலவிட்ட நேரத்தில் நூற்றில் ஒரு பங்குகூட, அசலின் முன் நிற்கும் நம் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

எடுத்துக்காட்டாக, எழும்பூரில் ஒரு மணி நேரத்துக்கு நான்கு படைப்புகள் என்று வைத்துக்கொள்வோம். நான் தேர்ந்தெடுப்பவை இவை. வேறொருவர் வேறு நான்கைத் தேர்ந்தெடுக்கலாம்.

முதலாவது, திருவாலங்காட்டு நடராசர். பிள்ளைகளுக்கு ஆனந்த தாண்டவத்தின் தத்துவத்தை முதலில் சொல்லவே கூடாது. ஒற்றைக் காலில் அதேபோல் நிற்கச் சொல்ல வேண்டும். சில நொடிகளில் தள்ளாடிச் சிரிப்பார்கள். அதன்பின் கேட்க வேண்டும்: இவர் ஏன் விழவில்லை? எந்தக் கை எந்தப் பக்கம் போகிறது, இடுப்பு எங்கே சாய்கிறது, ஊன்றிய முழங்கால் எவ்வளவு மடிந்திருக்கிறது என்று பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொல்வார்கள். எடையும் சமநிலையும் அறிவியல் பாடத்தில் படித்தவைதாம். பிறகு பீடத்தைப் பார்க்கச் சொல்லலாம். ஊர்வலத் திருமேனிகளின் பீடங்களில் துளைகளும் வளையங்களும் இருக்கும். எதற்கு என்று கேட்டால், தேர்த் திருவிழா பார்த்த கிராமத்துப் பிள்ளை நகரத்துப் பிள்ளையை முந்திக்கொண்டு விடை சொல்வான். தண்டுகளைச் செருகித் தோளில் தூக்கிச் செல்வதற்கு! அந்த ஒரு கணத்தில், கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் நிற்பது தன் ஊர்த் தெருவில் பட்டும் மலர் மாலையும் சூட்டி உலா வருவதன் உறவு என்று அவனுக்குப் புரிந்துவிடும். கோயிலில் முகம் மட்டுமே தெரியும் அலங்காரத்துக்குள் சிற்பி செய்த முழு உருவம் எத்தகையது என்பதை அவன் அன்றுதான் முதன்முதலாகக் காண்கிறான்.

இரண்டாவது, திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர். கேள்வி ஒன்றே போதும்: எத்தனை கைகள்? நான்கு என்றுதான் பழக்கத்தால் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் மூன்று. ஆண் பாகத்துக்கு இரண்டு, பெண் பாகத்துக்கு ஒன்று. ஏன் என்ற கேள்வியிலிருந்து இடுப்பின் வளைவு, ஆடையின் நீளம், காதணியின் வேறுபாடு என ஒவ்வொன்றாக வெளிவரும். பழக்கம் சொல்வதை நம்பாமல் கண் சொல்வதை நம்பு என்ற பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடக் கருவியை நான் அறியேன்.

மூன்றாவது, அமராவதி வட்டச் சிற்பம். மதம் கொண்ட நளகிரி யானையைப் புத்தர் அடக்கும் காட்சி. ஒரே வட்டத்துக்குள் யானை இரண்டு முறை வருகிறது. ஒருபுறம் ஆளைத் தூக்கி வீசிக்கொண்டும், மறுபுறம் புத்தரின் காலடியில் பணிந்தும். மாடங்களிலிருந்து மக்கள் எட்டிப் பார்க்கிறார்கள். 'எத்தனை யானை?' என்று கேட்டுவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்ளலாம். இரண்டு என்பார்கள் சிலர். இல்லை, ஒரே யானைதான், முன்பும் பின்பும் என்பார்கள் சிலர். காணொளியிலேயே வளரும் தலைமுறை இந்த விவாதத்தில் நம்மைவிடத் தேர்ந்தது. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்பி அசையாத கல்லில் நேரத்தை எப்படி ஓட்டிக் காட்டினான் என்று அவர்கள் வாயாலேயே வரும்.

நான்காவது, நாகப்பட்டினத்துப் புத்தர் திருமேனிகளில் ஒன்று. 1856-க்கும் 1930-களுக்கும் இடையில் அந்த ஒரு கடற்கரை ஊரில் ஏறத்தாழ 350 பௌத்தப் படிமங்கள் கிடைத்தன. புத்தரின் தலைமேல் சுடர்போல் இருப்பது என்ன என்பதில் தொடங்கி, சைவமும் வைணவமும் தழைத்த சோழ நாட்டில் இவரை வணங்கியவர்கள் யார், கடல்கடந்து வந்தவர்களா, உள்ளூர்க்காரர்களா என்பது வரை போகலாம். சமூக அறிவியல் பாடநூலின் ஒரு பத்தி அங்கே உலோகமாக நிற்கிறது.

கேட்கும் முறைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. அமெரிக்காவில் ஃபிலிப் யெனவைன், அபிகேல் ஹவுசன் ஆகிய இருவர் உருவாக்கிய முறை உலகின் பல அருங்காட்சியகங்களில் பின்பற்றப்படுகிறது. அதில் கேள்விகள் மூன்றே: இங்கே என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன தெரிகிறது? இரண்டாவது கேள்விதான் உயிர்நாடி. 'அவர் கோபமாக இருக்கிறார்' என்று ஒரு பிள்ளை சொன்னால் சரியென்றோ தவறென்றோ சொல்லாமல், எதைப் பார்த்து என்று கேட்டால் போதும். கலை வரலாறு படித்திராத கணக்கு ஆசிரியரும் இதை நடத்த முடியும் என்பது இம்முறையின் பெருமை. ஆனால் ஆண்டு, அரசன், ஊர் ஆகியவற்றை ஆசிரியர் முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. பிள்ளைகள் கேட்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள்.

இதெல்லாம் நடக்கப் பிள்ளைகளின் எண்ணிக்கை அளவோடு இருக்க வேண்டும். மூன்றடி, நான்கடி உயரமுள்ள ஒரு படிமத்தை ஒரே நேரத்தில் பதினைந்து பேருக்கு மேல் சரியாகப் பார்க்க முடியாது. அறுபது பிள்ளைகளை நான்கு குழுக்களாகப் பிரித்து, நான்கு ஆசிரியர் துணையோடு, நான்கு படைப்புகளிலும் ஒரே நேரத்தில் தொடங்கி, பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றினால் 48 நிமிடங்களில் எல்லாரும் எல்லாவற்றையும் பார்த்துவிடுவார்கள். இடையில் நடக்கும் நேரத்தைச் சேர்த்தால் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். மீதமிருக்கும் நேரத்தில் அவரவர் விரும்பிய ஒன்றின் எதிரே அமர்ந்து வரையட்டும். விருப்பமுள்ளவர்கள் திமிங்கிலத்தையும் பார்க்கட்டும். திமிங்கிலத்தைப் பார்க்காமல் திரும்பிய பிள்ளை வீட்டில் என்ன சொல்லும்?

பயணத்துக்கு முந்தைய வாரம் வகுப்பில் செய்ய வேண்டியவையும் உண்டு. சிறு மெழுகு உருவம் ஒன்றைச் செய்து, களிமண்ணால் மூடி, காய வைத்து, சூடாக்கி மெழுகை வடியவிட்டால் உள்ளே வெற்றிடம் எஞ்சும். சுவாமிமலையில் இன்றும் சிற்பிகள் இதைத்தான் செய்கிறார்கள். உருக்கிய உலோகத்தை ஊற்றுவது வகுப்பறையில் ஆகாது. அதை விவரித்தால் போதும். வார்ப்பை எடுக்க அச்சை உடைத்தாக வேண்டும், ஆகவே அதே அச்சில் இன்னொரு படிமம் பிறக்காது என்பதைத் தன் கையால் களிமண்ணை உடைத்த பிள்ளை மறக்காது.

இன்னொன்றை எழுதச் சற்றுத் தயக்கமாக இருந்தாலும் எழுதத்தான் வேண்டும். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அம்மன் திருமேனிகளின் முன் நெளிந்து சிரிப்பார்கள். ஆசிரியர்கள் அதற்கு அஞ்சியே வரிசையை விரட்டுகிறார்கள். முந்தைய வாரமே படங்களைக் காட்டி, உடலை அக்காலச் சிற்பிகள் எவ்வாறு கருதினார்கள் என்று இயல்பான குரலில் பேசிவிட்டால் அந்தச் சிரிப்பு பெருமளவு அடங்கிவிடும். அதேபோல், சில பிள்ளைகள் செருப்பைக் கழற்றிக் கைகூப்புவார்கள். வேற்றுச் சமயப் பிள்ளைகள் என்ன செய்வதென்று அறியாமல் நிற்பார்கள். கைகூப்புவதைத் தடுக்கவும் வேண்டா, கட்டாயப்படுத்தவும் வேண்டா. இங்கே எல்லாரும் சேர்ந்து செய்யும் வேலை பார்ப்பது என்பதை மட்டும் முன்னரே சொல்லிவிட்டால் யாரும் அந்நியமாக உணரமாட்டார்கள்.

இதையெல்லாம் யார் செய்வது? இயல்பாகவே ஓவிய ஆசிரியர்தான். அங்கேதான் நம் கொள்கையின் ஓட்டை தெரிகிறது. 2012-ஆம் ஆண்டில் தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, உடற்கல்வி, தையல் முதலியவற்றுக்காக 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள், அப்போது மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில், வாரத்துக்கு மூன்று அரைநாள் பணிக்கு அமர்த்தப்பட்டார்கள். ஊதியம் பின்னர் உயர்ந்திருக்கிறது. பணிநிரந்தரக் கோரிக்கையோ ஆண்டுதோறும் போராட்டக் களத்தில் நிற்கிறது. வாரத்தில் மூன்று அரைநாள் மட்டும் பள்ளிக்கு வரும் ஒருவரை ஒரு முழுநாள் பயணத்துக்கும், அதற்கு முந்தைய வாரத் தயாரிப்புக்கும் பொறுப்பேற்கச் சொல்வது எந்த வகை நியாயம்? 2022-ஆம் ஆண்டு முதல் நடைபெறும் கலைத் திருவிழா அரசுப் பள்ளி மாணவர்களின் திறமையை மேடையேற்றியிருக்கிறது. பாராட்டத்தக்க முயற்சி அது. ஆனால் மேடை என்பது செய்து காட்டுவதற்கு. பார்த்துப் பழகுவதற்கும் ஓரிடம் வேண்டும். பார்க்கப் பழகாதவன் வரைவது பெரும்பாலும் பிறர் வரைந்ததன் நகலாகவே இருக்கும்.

அருங்காட்சியகத்தின் பக்கமும் செய்ய வேண்டியவை உள்ளன. நுழைவுச்சீட்டு கொடுத்து, காவலரை நிறுத்தியதோடு பள்ளிக் குழுவுக்கான கடமை முடிந்துவிட்டதாக எந்த அருங்காட்சியகமும் கருதக் கூடாது. பள்ளிகள் முன்பதிவு செய்து குறித்த நேரத்தில் வரும் ஏற்பாடு இருந்தால், ஒரே காலை வேளையில் பத்துப் பேருந்துகள் வந்து நிற்கும் நிலை குறையும். பதினைந்து பிள்ளைகள் தரையில் அமரப் பாய்கள் வேண்டும். சிறு செலவு, ஆனால் அமர்ந்த பிள்ளைதான் பார்க்கும், நிற்கும் பிள்ளை நகரத்தான் நினைக்கும். எந்தக் கூடம் சீரமைப்புக்காக மூடப்பட்டிருக்கிறது, எந்தப் படிமம் வேறு கண்காட்சிக்குப் போயிருக்கிறது என்ற தகவல் முன்கூட்டியே கிடைக்க வேண்டும். இல்லையென்றால், திட்டமிட்ட ஆசிரியர் பூட்டிய கதவின் முன் அறுபது பிள்ளைகளோடு நிற்க நேரும். அவர் ஒருமுறை தனியாக வந்து பார்த்துச் செல்ல, அந்த நாளைப் பணிநாளாகவே கல்வித் துறை கருத வேண்டும்.

விளக்குவோர் பற்றாக்குறைக்கும் அருகிலேயே தீர்வு இருக்கிறது. 1850-இல் தொடங்கி, தேவி பிரசாத் ராய் சௌத்ரியும் கே.சி.எஸ். பணிக்கரும் முதல்வர்களாக இருந்த அரசு கவின்கலைக் கல்லூரி, எழும்பூர் அருங்காட்சியகத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. அதன் மாணவர்கள், குறிப்பாகச் சிற்பம் பயில்பவர்கள், வாரம் இருநாள் பள்ளிக் குழுக்களோடு பேசினால் அதைக் களப் பயிற்சியாகக் கணக்கிட்டு மதிப்பெண் வழங்கலாம். சிறு ஊக்கத்தொகையும் தரலாம். களிமண் ஒட்டிய கைகளோடு இருக்கும் இருபது வயது இளைஞர் சொல்வதைப் பள்ளிப் பிள்ளைகள் கேட்கும் விதமே வேறு.

நாள்காட்டியிலும் ஒரு வேடிக்கை உண்டு. உலக அருங்காட்சியக நாள் மே 18. 1977 முதல் பன்னாட்டு அருங்காட்சியகக் கழகம் கடைப்பிடித்து வரும் நாள். அன்று நம் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை! விழாவும் பேச்சும் போட்டியும் நடக்கும் நாளில் பள்ளிக் குழு வர வழியில்லை. நம் வெயிலுக்கும் பாடத்திட்டத்துக்கும் பொருந்துவது ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள். சுற்றுலாப் பருவமல்லாத அம்மாதங்களில் கூடங்கள் காலியாக இருக்கும். பார்த்ததை வைத்து ஆண்டு முழுவதும் பாடம் நடத்தவும் முடியும். தேர்வுக்கு முந்தைய மாதத்தில் பார்த்ததை எந்த ஆசிரியரும் வகுப்பில் மீண்டும் தொடமாட்டார்.

செலவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. சுற்றுலாவுக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளைகள் அன்று வீட்டில் இருந்துவிடுகிறார்கள். நான் பணியாற்றிய பள்ளிகளில் அந்தப் பெயர்களை யாரும் உரக்கப் படித்ததில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும். கடற்கரையும் பூங்காவும் விருப்பச் சுற்றுலா என்றால் கட்டணம் இருந்துவிட்டுப் போகட்டும். பாடவேளைக்குக் கட்டணம் வாங்க முடியுமா? பென்டன்வில்லில் பேருந்து, மதிய உணவு, உடன்வரும் ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பெடுப்பவரின் ஊதியம் வரை நன்கொடை நிதியிலிருந்து தரப்பட்டது. இங்கேயும் பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறது. சுவரில் பெயர் எழுதக் கட்டடம் தேடி அலைவதற்குப் பதில் நூறு பேருந்துப் பயணங்களுக்கு அதைத் தரலாம். சென்னைப் புறநகர்ப் பள்ளிகளுக்குப் பேருந்துகூடத் தேவையில்லை. மின்சார ரயிலில் எழும்பூரில் இறங்கினால் அருங்காட்சியகம் நடக்கும் தொலைவுதான்.

மற்ற மாவட்டத்துப் பிள்ளைகள் விடிய விடியப் பேருந்தில் அமர்ந்து சென்னைக்கு வர வேண்டும் என்பதும் இல்லை. மாநிலத்தின் பல மாவட்டத் தலைநகரங்களில் அரசு அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. தஞ்சை அரண்மனையில் 1951 முதல் இயங்கும் கலைக்கூடத்தில், 1011-ஆம் ஆண்டைச் சேர்ந்த திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் நிற்கிறார். பாம்புகளையே தலைப்பாகையாகச் சுற்றியவர். ஒரு கை எதன்மேலோ சாய்ந்திருக்கிறது, அங்கே எதுவும் இல்லை. அந்தக் காளை எங்கே போயிற்று என்று கேட்டால், அந்தக் குழு இடத்தைவிட்டு நகராது. சுற்றுவட்டார ஒன்றியங்களின் ஒவ்வொரு பள்ளியும் அரைநாளில் சென்று திரும்பக்கூடிய தொலைவு அது. 2023-இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்குப் பள்ளிக் குழுக்கள் திரண்டு செல்வதைப் பார்க்கும்போது, அருகில் நல்லதோர் இடம் இருந்தால் பள்ளிகள் போகவே செய்யும் என்பது தெரிகிறது. போவதை எப்படிப் பயனுள்ளதாக்குவது என்பதே எஞ்சிய கேள்வி.

ஆர்கன்சா ஆய்வாளர்கள் கடைசியாக ஒன்று செய்தார்கள். பிள்ளைகளிடம் குடும்பத்தோடு மீண்டும் வருவதற்கான இலவசச் சீட்டைக் கொடுத்தனுப்பினார்கள். பயணம் சென்று வந்த பிள்ளைகளின் குடும்பங்கள், செல்லாத பிள்ளைகளின் குடும்பங்களைவிட 18 விழுக்காடு அதிகமாக அந்தச் சீட்டோடு திரும்பி வந்தன. நம் அருங்காட்சியகங்களும் இதைத் தொடங்கலாம். பயணம் முடிந்து வெளியேறும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் நான்கு பேருக்கான ஓர் அனுமதிச் சீட்டு. அதில் அன்று பார்த்த நான்கு படைப்புகளின் சிறு படங்கள், அம்மா அப்பாவுக்கு வழிகாட்டி அழைத்துச் செல்ல. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் அதன் பின்புறத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டுவிட வேண்டும்.